ஓரம் போன வெள்ளி

பல் டாக்டர் வீட்டு அழைப்பு மணி அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே ஒழுங்காக அடித்ததில்லை. செத்த பிறகு அதற்கு மட்டும் என்ன ரோஷம் வந்துவிடப் போகிறது? தையற்காரர் அதை அழுத்திப் பார்த்துவிட்டு, விரல் முட்டியால் கதவைத் தட்டினார். காலையில் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. கூரை விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக அவருடைய தொப்பியின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

"வாங்கண்ணே. மழையோட வந்திருக்கீங்க," என்றபடி டாக்டரின் மனைவி கதவைத் திறந்தாள். அழுது முடித்த முகம். ஆனாலும் எங்கோ கேட்கும் ஒரு சத்தத்துக்குக் காதுகொடுப்பவள்போலத் தலையை ஒரு பக்கம் சாய்த்தே நின்றாள்.

"அந்த ரூமை இன்னும் ஒழிக்கல. ஒழிக்கணும்னு நினைப்பேன், கதவுவரைக்கும் போவேன், திரும்பி வந்துடுவேன்."

அந்த அறை தெருவைப் பார்த்தபடி கீழ்த்தளத்தில் இருந்தது. டாக்டர் வாலிபத்திலிருந்து அங்கேதான் பிறர் பல்லைப் பிடுங்கினார். தொழிலை விட்ட பிறகு அங்கேயே உட்கார்ந்து தன் காசுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சைத் தோல் போர்த்திய சாய்வு நாற்காலி அப்படியே இருந்தது. பக்கத்தில் துப்பும் கிண்ணம் காய்ந்து கிடந்தது. சுவரோரம் இடுப்பளவு உயரத்துக்கு நாணய அலமாரி. அறை முழுக்கக் கிராம்புத் தைல வாசனை. ஆளே இல்லாத அறையில் மருந்து வாசனை மட்டும் எப்படி இவ்வளவு புதிதாக இருக்கிறது என்று தையற்காரருக்குத் தோன்றியது. சுவர் ஊறியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

"வியாழக்கிழமை வியாபாரி வர்றாரு. மொத்தமா எடுத்துக்கறேங்கறாரு. எனக்கு இதுல ஆனா ஆவன்னா தெரியாது. ஏமாத்திடக் கூடாதேன்னுதான் உங்களைக் கூப்பிட்டேன். ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க."

"அதுக்கென்னம்மா, பாத்துட்டாப் போச்சு."

அவள் சற்றுத் தயங்கினாள். புடவை முந்தானையைச் சுருட்டினாள், பிரித்தாள்.

"ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்குப் பிடிச்சது ஏதாவது ஒண்ணு ஞாபகார்த்தமா எடுத்துக்குங்க. ஆனா அந்த ஒண்ணு மட்டும்..."

எந்த ஒன்று என்று இரண்டு பேரும் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை.

"கடைசி நாளு வாய் குழறிப் போச்சு அவருக்கு. அப்பவும் இதை மட்டும் தெளிவாச் சொன்னாரு. எதை வேணா யாருக்கு வேணா குடு, அதைக் கத்தரி கையில மட்டும் குடுத்துடாதேன்னு."

சொல்லிவிட்டு, "டீ போடறேன்," என்று உள்ளே போய்விட்டாள்.

கத்தரி என்பது டாக்டர் தையற்காரருக்கு வைத்த பெயர். அவர் கோட்டு தைப்பவர் என்பதால் மட்டும் வந்த பெயரல்ல.

இரண்டு பேரும் சேகரித்தது ஒரே சரக்கு. ரோமப் பேரரசு தள்ளாடத் தொடங்கிய காலத்து வெள்ளிக்காசு. சிலிக்குவா என்பார்கள் சேகரிப்பவர்கள். விரல் நகம்போல மெல்லிசு. ஒரு பக்கம் தலையில் முத்துப்பட்டை கட்டிய பேரரசர்; மறுபக்கம் ஈட்டியை ஊன்றி உட்கார்ந்திருக்கும் நகர தேவதை. ஆட்சி தளர்ந்து புது வெள்ளி வருவது நின்றுபோன இடங்களில், கையில் இருந்த காசின் ஓரத்தை ஜனங்கள் வெட்டி வெட்டி வெள்ளி சேர்த்தார்கள். எழுத்து போகும், சுற்றியிருக்கும் புள்ளி வளையம் போகும், தேவதையின் கால்கூடப் போகும். ஆனால் பேரரசர் முகத்தில் மட்டும் கத்தி படாது. பயமோ மரியாதையோ, முகம் இருக்கும்வரைதான் அது காசு என்ற கெட்டிக்காரத்தனமோ, முகத்தைச் சுற்றி வந்து வெட்டினார்கள், முகத்தை விட்டுவிட்டார்கள்.

ஓரம் வெட்டுப்பட்ட காசு மலிவு. தையற்காரரின் வருமானத்துக்கு அதுதான் எட்டும். ஒவ்வொரு தடவை புதுக்காசு வாங்கி ஆசையாகக் கொண்டுவந்து காட்டும்போதும் டாக்டர் அதை லென்ஸ் வைத்துப் பார்ப்பார். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'ட்ச்' என்பார். பிறகு அதே வார்த்தை:

"ஓரம் போச்சு. முகம் பரவாயில்ல."

கூடவே ஒரு சிரிப்பு. "கத்தரிக்காரனுக்குக் கத்தரிச்ச காசுதான்யா வந்து சேரும்."

இதையெல்லாம் தையற்காரர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது அந்த ஒரு காசு.

அதை முதலில் பார்த்தது அவர்தான். நாணயச் சந்தையில், ஒரு கடைக்காரனின் தகர டப்பாவில், பித்தான்களோடும் உடைந்த மோதிரங்களோடும் கரிபிடித்துக் கிடந்தது. எத்தனையோ பேர் அந்த டப்பாவைக் கிளறிவிட்டுப் போயிருந்தார்கள். துணியின் நெசவை இருட்டில் தடவியே சொல்லும் விரல் அவருக்கு. ஓரத்தைத் தொட்டதும் மயிர்க்கூச்செறிந்தது. வெட்டுப்படாத ஓரம். புள்ளி வளையம் முழுசு. எழுத்து முழுசு. கையில் இருந்த பணம் போதவில்லை. "எடுத்து வெயிங்க, வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்," என்று கடைக்காரனிடம் சொல்லிவிட்டு ஓடினார். சந்தை வாசலில் டாக்டர் எதிர்ப்பட்டார். வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். பெருமை விடவில்லை, சொல்லிவிட்டார்.

திரும்பி வந்தபோது காசு டாக்டரின் சட்டைப் பையில் இருந்தது.

"நீ பாத்தே, நான் வாங்கினேன். ரெண்டு பேருக்கும் சந்தோஷந்தானேய்யா?"

அன்றிலிருந்து டாக்டர் அதை அவருக்குக் காட்டுவார், தொட விடமாட்டார். ஜன்னலோரம் நின்று, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஓரத்தை மட்டும் பற்றி, வெளிச்சத்தில் மெள்ளத் திருப்புவார். முதலில் முகம். அப்புறம் முதுகு. மறுபடியும் முகம். "ஓரத்தைப் பிடிக்கணும், முகத்தைத் தொடக் கூடாது. தெரியுமில்ல?" காசு சேகரிக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பாடத்தை ஒவ்வொரு தடவையும் அவருக்கு நடத்துவார். தையற்காரர் தலையாட்டுவார். வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது.

இப்போது அலமாரி அவர் முன்னால் இருந்தது. டாக்டர் இல்லை.

செத்தும் கொடுக்காதே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான் பாவி.

மேல் தட்டை இழுத்தார். பச்சைக் கம்பளித் துணி பரப்பிய தட்டு. ஒவ்வொரு காசுக்கும் அதனதன் அளவுக்குக் குழி. அந்த விஷயத்தில் டாக்டர் மகா கறார். பல்லுக்கு அச்சு எடுப்பவர் அல்லவா? காசை வைத்தால் அது அசையக் கூடாது. தட்டை வேகமாக இழுத்தாலும் சத்தம் வரக் கூடாது. நடுக்குழியில் அது இருந்தது. நாள்பட்ட வெள்ளியின் கருமைக்கு மேல், ஓரமாக மட்டும், நீலமும் ஊதாவும் எண்ணெய்ப்படலம்போல ஓடியிருந்தன.

தையற்காரரின் உள்பையில் ஒரு காசு இருந்தது. அதே பேரரசர், அதே தேவதை. ஓரம் மட்டும் இல்லை. பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கத்தான் கொண்டுவந்தோம் என்று வழியெல்லாம் தனக்குச் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். மனசுக்குத் தெரியாமல் கை எதையும் எடுத்து வைப்பதில்லை.

சமையலறையில் பாத்திரம் உருண்டது.

அவர் முழுக்காசை எடுத்தார். ஓரத்தைப் பிடித்துத்தான் எடுத்தார். உள்பையில் போட்டார். வெட்டுக்காசை அந்தக் குழியில் வைத்தார். பெரியவன் சட்டையைப் போட்டுக்கொண்ட குழந்தைபோல அது குழிக்குள் கிடந்தது. தட்டை உள்ளே தள்ளினார்.

கிணுகிணு.

மிகச் சின்னச் சத்தம். இடம் பெரிதாகி, அதற்குள் வெள்ளி ஆடுகிற சத்தம்.

அவருக்குப் பின்னால் பச்சை நாற்காலி முனகியது. யாரோ சாய்ந்திருந்து நிமிர்ந்து உட்கார்ந்தால் தோல் முனகுமே, அந்த முனகல்.

திரும்பிப் பார்த்தார். நாற்காலி காலி.

கிராம்பு வாசனை மூக்குக்கு நேரே, ஒருவர் வாய் திறந்து மூச்சு விட்டதுபோல, வெதுவெதுப்பாக வந்து போனது.

டீயை நின்றபடியே குடித்தார். சரக்கெல்லாம் உத்தமம், வியாபாரி சொல்லும் விலைக்குக் கொடுத்துவிடாதே, கூடக் கேள் என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்தார். வாசலில் அவள் தலையைச் சாய்த்தபடி கேட்டாள்:

"என்னவோ ஆடற மாதிரி சத்தம் கேட்டுதே அண்ணே?"

"டீக் கோப்பையா இருக்கும்."

"இருக்கும்," என்றாள் அவள். அவர் தெருமுனை திரும்பும்வரை கதவை மூடவில்லை.

*

தையற்காரருக்கும் வீட்டில் ஓர் அலமாரி உண்டு. கடைக்குப் பின்னால், துணிக்கட்டுகளுக்கு நடுவில். அன்றைக்கே பச்சைத் துணியில் புதுக்குழி வெட்டினார். காசு சிக்கென்று உட்கார்ந்தது. அதைச் சுற்றி அவருடைய ஓரம் போன காசுகள், ராஜா வந்துவிட்ட சபைபோல.

அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். "புதுசா ஒருத்தி வந்திருக்காளா?"

"ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு இரவல் வாங்கினது."

"இரவல் வாங்கினதுக்கா குழி வெட்டறீங்க? எனக்கு ஒரு சக்களத்தி போதாதுன்னு ஊர்ப்பட்ட சக்களத்தி. அவளுங்களுக்காவது மெத்தை. எனக்கு இந்தக் கால் ஆடற கட்டில்."

அவர் சிரித்தார். வெகுநாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டார். இனி டாக்டர் ஜன்னலோரம் நின்று யாருக்குத் திருப்பிக் காட்டுவான் என்று நினைத்தபோது வந்த சந்தோஷம் அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

மறுநாள் கடையில் துணியை விரித்து, சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். தெருவில் ஒரு லாரி போனது. தரை லேசாக அதிர்ந்தது.

கிணுகிணு.

சத்தம் பின்னாலிருந்து வந்தது. அவருடைய அலமாரியிலிருந்து.

போய்த் தட்டை இழுத்தார். அவருடைய காசுகள் எல்லாம் ஒன்றாக ஆடின. எடுத்துப் பார்த்தார். அவரே அளந்து வெட்டிய குழிகள். நேற்றுவரை சிக்கென்று இருந்தவை. இப்போது ஒவ்வொரு காசைச் சுற்றியும் ஒரு மெல்லிய இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில், பச்சைத் துணியின்மேல், மாவு சலித்ததுபோல வெள்ளித் தூள்.

யாரோ ஓரத்தைச் சீவியிருக்கிறார்கள். முகத்தில் கை வைக்கவில்லை.

நடுவில் இருந்த முழுக்காசு மட்டும் அசையாமல் இருந்தது.

அவர் நேரே சமையலறைக்குப் போனார். "என் காசுல கை வெச்சியா?"

மனைவி திரும்பிப் பார்த்தாள். "எதுக்கு? சுரண்டி ரசம் வெக்கறதுக்கா?"

"ஓரத்தை யாரோ அறுத்திருக்காங்க. வீட்டுல நீயும் நானுந்தான் இருக்கோம்."

"அப்ப நீங்கதான். கத்தரி யார் கையில இருக்கு?" கரண்டியை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "எனக்கு உங்க காசு மேல பொறாமைதான். இல்லேங்கல. ஆனா ஆத்திரம் வந்தா நான் முகத்தைத்தான் அறுப்பேன். ஓரத்தை அறுத்துக்கிட்டு உக்காந்திருக்கற பொறுமை எனக்கில்ல."

அது உண்மை என்று அவருக்குத் தெரியும்.

அறையைப் பூட்டினார், சாவியைத் தன் இடுப்பிலேயே வைத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது காசுகள் இன்னும் சிறுத்திருந்தன. ஈட்டி போயிருந்தது, தேவதையின் முட்டி போயிருந்தது. பேரரசரின் முகம் மட்டும் கழுத்தில்லாமல், தோளில்லாமல், வெறும் முகமாக மேலே பார்த்துக்கொண்டு கிடந்தது.

பூட்டிய அறையில் கிராம்பு மணத்தது.

*

முதலில் விரலுறை விழுந்தது.

ஊசி குத்தாமல் இருக்க நடுவிரலில் மாட்டும் பித்தளை உறை. வருஷக்கணக்காக விரலோடு விரலாக இருந்தது. தைத்துக்கொண்டிருக்கும்போதே நழுவி விழுந்து உருண்டோடியது. அடுத்த நாள் கல்யாண மோதிரம் சோப்பு நுரையோடு கழன்று போகப் பார்த்தது. நடந்தால் செருப்பு பின்னால் 'டப் டப்' என்று தனியாக நடந்தது.

கடைக்கு வந்த பள்ளிக்கூட வாத்தியார் கேலி செய்தார். "என்ன மாஸ்டர், ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கிறீங்க, நீங்க மட்டும் அண்ணன் சட்டையைப் போட்டுக்கிட்டு இருக்கீங்க?"

"கொஞ்சம் இளைச்சுட்டேன் சார்."

"இளைச்ச மாதிரி தெரியலையே. கன்னமெல்லாம் அப்படியேதானே இருக்கு." வாத்தியார் அவரைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தார், பிறகு ஏனோ பேச்சை மாற்றிவிட்டு, தைக்கக் கொடுத்ததை வாங்காமலே போய்விட்டார்.

தையற்காரர் கதவைச் சாத்தினார். ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, டேப்பை எடுத்துத் தன்னைத் தானே அளந்தார். பொய் சொல்லாத ஒரே பொருள் அவருக்கு அந்த டேப்தான்.

தோள் குறைந்திருந்தது. இடுப்பு குறைந்திருந்தது. கை நீளம், கால் நீளம், உள்ளங்கை அகலம். இளைத்தவனுக்கு எலும்பு குறையாது. இவருக்கு எல்லாப் பக்கத்திலும் ஒரே அளவாக, உருவத்தைச் சுற்றி வந்து யாரோ சீவியதுபோலக் குறைந்திருந்தது.

வலி இல்லை. காயம் இல்லை.

கடைசியாகத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்.

அது எப்போதும்போலச் சரியாக உட்கார்ந்தது.

பின்னால், மூடிய கடைக்குள், துணிக்கட்டுகளுக்கு நடுவிலிருந்து ஒரு சத்தம். நாக்கு மேலண்ணத்தை விட்டுப் பிரியும் சத்தம்.

ட்ச்.

*

பையில் முழுக்காசோடு அவர் டாக்டர் வீட்டுக்குப் போனபோது நல்ல வெயில். தெருவில் குழந்தைகள் பந்தை எறிந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு வெளிச்சத்தில் இப்படிப் பயப்படுகிறோமே என்று வெட்கப்பட்டார். ஆனால் செருப்புக்குள் கால் ஆடியது. சட்டைக்குள் உடம்பு ஆடியது. நடக்க நடக்கத் தனக்குள்ளிருந்தே அந்தக் கிணுகிணு வருவதுபோல இருந்தது.

இம்முறை தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது.

டாக்டரின் மனைவி அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். வியப்பே இல்லை அவளிடம்.

"கொண்டாந்துட்டீங்களா?" என்றாள் தாழ்ந்த குரலில்.

அவர் பைக்குள் கையை விட்டபடி நின்றார். "உனக்குத் தெரியுமா?"

"நீங்க போன கையோடயே தட்டை இழுத்துப் பாத்தேன். எத்தனை வருஷம் அந்தத் தட்டைத் துடைச்சிருக்கேன்? சின்னக் காசு பெரிய குழியில கிடந்துது." அவள் அறைக்குள் நடந்தாள். அவர் பின்னாலேயே போனார். "சந்தோஷப்பட்டேண்ணே. நிஜமாச் சொல்றேன். என்னைப் பாக்காத கண்ணால அதைத்தான் பாத்துக்கிட்டிருப்பாரு அவரு. போச்சு சனியன்னு நினைச்சேன். வியாபாரியையும் வர வேண்டாம்னுட்டேன். இனிமே நானும் அவரும் மட்டும்னு."

"அவர்தான் போயிட்டாரேம்மா."

"எங்க போனாரு?" என்று கேட்டாள் அவள், சாதாரணமாக. "அவர் இங்கதான் இருந்தாரு. தினம் சாயங்காலம் நாற்காலி சாயற சத்தம் கேக்கும். மருந்து வாசனை வரும். நான் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் உக்காந்து பேசிக்கிட்டிருப்பேன். உயிரோட இருந்தப்போ பேசினதைவிட அதிகம். நீங்க அதை எடுத்துக்கிட்டுப் போனீங்க. அவரும் எழுந்து உங்க பின்னாலயே போயிட்டாரு. என்னை ஒரு வார்த்தை கேக்கல."

அறையில் வாசனையே இல்லை. பூட்டிவைத்த அறையின் தூசி நாற்றம் மட்டும்.

"அவருக்கு உங்க மேலதாண்ணே பொறாமை. அது உங்களுக்குத் தெரியவே தெரியாது, இல்ல? கையில பணம் இருக்கு, கண்ணு இல்லையேன்னு புலம்புவாரு. கத்தரி கண்ணு எனக்கிருந்தா என்பாரு. நீங்க உத்துப் பாத்த காசைத்தான் வாங்குவாரு. நீங்க பாக்கலேன்னா அது அவருக்கு வெறும் தகரம். செத்தப்பறம் மட்டும் புத்தி மாறிடுமா?"

தையற்காரருக்கு அந்த வார்த்தை எங்கோ இனித்தது. அந்த நிலையிலும் இனித்தது. அதுதான் பிறகு நினைக்க நினைக்க அவருக்கு அவமானமாக இருந்தது.

காசை எடுத்து நீட்டினார். அவள் சட்டென்று வாங்கினாள். ஓரத்தைப் பிடிக்கவில்லை; உள்ளங்கையில் வைத்து இறுக மூடி, நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். பிறகு தட்டை இழுத்து, வெட்டுக்காசை எடுத்து அவரிடம் கொடுத்தாள். முழுக்காசைக் குழியில் வைத்தாள். சிக்கென்று உட்கார்ந்தது. தட்டை உள்ளே தள்ளினாள்.

சத்தம் இல்லை.

இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

பச்சை நாற்காலி முனகியது. மெதுவாக, களைத்த மனிதன் வீடு வந்து சாய்வதுபோல. கிராம்பு வாசனை அறையை நிரப்பியது.

அவள் முகம் மலர்ந்தது. கல்யாணப் பெண்ணின் முகம்போல ஆகிவிட்டது. "வந்துட்டாரு," என்று கிசுகிசுத்தாள். பிறகு அவரைத் திரும்பிப் பார்க்காமலே, "நீங்க கிளம்புங்கண்ணே. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க. நான்தான் பாத்துக்கறேன் அவரை," என்றாள்.

அதில் நன்றி இல்லை. தன் புருஷனை இன்னொருத்தி பார்த்துவிடுவாளோ என்று கதவைச் சாத்துபவளின் குரல் அது.

தெருவுக்கு வந்தபின்தான் தையற்காரர் தன் கையைப் பார்த்தார். அவருடைய வெட்டுக்காசு. அவர் கொண்டுபோய் வைத்தபோது இருந்த அளவிலேயே இருந்தது; அது மட்டும் தப்பியிருந்தது.

*

அதன் பிறகு குறையவில்லை. மாதாமாதம் அளந்து பார்த்தார். டேப் ஒரே கணக்கைச் சொன்னது. குறைந்தது திரும்பி வரவும் இல்லை. அவர் மனைவி அவருடைய சட்டைகளையெல்லாம் ஒன்றொன்றாகப் பிரித்து, சின்னதாகப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். "தையற்காரனுக்கு நான் தைச்சுப் போடற காலம்," என்று சொன்னாளே தவிர, என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயந்தாள்போலும். ஆடுகிற கட்டில் காலுக்கு அவர் தாமாகவே ஆப்பு வைத்தார். சுருங்கிப்போன காசுகளை ஒரு துணியில் முடிந்து, கடைக்கு அடுத்த தெருவில் வெள்ளி உருக்குபவனிடம் கொடுத்துவிட்டார். சேகரிப்பு முடிந்தது. அலமாரியில் இப்போது நூல்கண்டு இருக்கிறது.

வாத்தியார் தைக்கக் கொடுத்ததை வாங்க ஒரு மாலை திரும்ப வந்தார். வெயில் சாய்ந்து கடை ஜன்னல் வழியாக உள்ளே நீளமாக விழுந்திருந்தது.

"இப்ப தேவலை மாஸ்டர். சட்டையெல்லாம் உங்க சட்டையா இருக்கு."

"உக்காருங்க சார். பித்தான் ஒண்ணுதான் பாக்கி."

ஜன்னலோரம் நின்று ஊசியில் நூல் கோக்கப் பார்த்தார் தையற்காரர். நூல் காதுக்குள் நுழையவில்லை. மறுபடி முயன்றார்.

கிராம்பு மணத்தது.

"என்ன மாஸ்டர், பல்வலியா? மருந்து வாசனை வருது," என்றார் வாத்தியார்.

தையற்காரரின் இரண்டு விலாவிலும், மிக மெதுவாக, ஆனால் நழுவவிடாத உறுதியோடு, ஏதோ ஒன்று பற்றியிருந்தது. ஒரு பக்கம் அகலமாக, கட்டைவிரல்போல. மறுபக்கம் கொஞ்சம் ஒடுக்கமாக.

வேறெங்கும் தொடவில்லை.

அவர் பாதங்கள் நகரவில்லை. ஆனாலும் அவர் திரும்பினார். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் முழுதாக விழும்வரை திரும்பினார். சற்று நேரம் அப்படியே நின்றார். பிறகு முதுகு வெளிச்சத்துக்கு வந்தது. பிறகு மறுபடியும் முகம்.

"மாஸ்டர்?" வாத்தியார் நாற்காலியை விட்டு எழுந்தார். "மாஸ்டர், என்ன பண்றீங்க?"

தையற்காரருக்கு அந்தக் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. பக்கத்தில், காதோடு காதாக, நாக்கு மேலண்ணத்தை விட்டுப் பிரிந்தது.

ட்ச்.

"ஓரம் போச்சு," என்றது ஒரு மூச்சு. "முகம் பரவாயில்ல."